கத்முன் நுபுவ்வத்: ஒரு நம்பிக்கையும் அதன் காவலர்களும்

வேலூரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவது விலங்குப் பூங்காவையும் மழைக்கால அருவியையும் பார்க்கத்தான். ஆனால் இந்த மலைக்கும் பாலாற்றங்கரை ஊர்களுக்கும் இடையே அதைவிடப் பழைய கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு. குரோமியம் உப்பு வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இல்லாமல் தோல் பதனாகாது. கடுக்காய் ஜவ்வாது மலைக்காரர்கள் இன்றும் பொறுக்கிச் சேர்க்கும் பொருள். காட்டிலிருந்து இறங்கிய சரக்கு டேனரித் தொட்டிக்குப் போனது. தொட்டியிலிருந்து ஏறிய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. திரும்பி வந்த பணத்தில் ஒரு பங்கு பள்ளிவாசலாகவும் மதரஸாவாகவும் கல்லூரியாகவும் எழுந்தது.

பெயர்களைச் சொன்னால் தெரியும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. ஆம்பூருக்கு அருகே தோல் வணிகர் காகா முகமது உமர் 1924இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம். அந்த ஊரே அவர் பெயரால் உமராபாத் ஆயிற்று. மேல்விஷாரத்துக் கல்லூரி தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேலூர் நகரத்துக்குள் இவற்றுக்கெல்லாம் மூத்தவை இரண்டு: அஃலா ஹள்ரத் ஷா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், சூஃபிக் குடும்பத்தின் ஹஜ்ரத் மகானை ஒட்டிய லத்தீஃபிய்யா. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் எதிலாவது இமாமின் பெயருக்குப் பின்னால் பாகவி, லத்தீஃபி, உமரி என்று இருந்தால் அவர் ஓதிய இடம் இந்தத் தோல் மண்டலம் என்று கொள்ளலாம்.

இந்த மூன்று மதரஸாக்களுக்கும் தங்களுக்குள் கருத்து வேறுபாடு நிறைய. தர்கா, மவ்லிது, மத்ஹபு, தொழுகையில் கை உயர்த்துவது என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரு கொள்கையில் மூன்றும் ஒன்று: முகமது நபியோடு நபித்துவம் முடிந்துவிட்டது, அவருக்குப் பின் எந்த வகையிலும் நபி இல்லை. அரபியில் கத்முன் நுபுவ்வத். உலக முஸ்லிம்களில் ஆகப் பெரும்பாலோர் சந்தேகமில்லாமல் ஏற்கும் இந்த ஒன்றைக் காப்பதற்குத்தான் தனியாக அமைப்பும், மாநாடும், பயிற்சி முகாமும், பிரசுரமும் தேவைப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய யாரும் மறுக்காத கொள்கைக்கு ஏன் காவல்? அந்தக் காவல் எதுவரை போகலாம்? தெற்கே இதற்குக் கிடைத்த பதில்கள் வடக்கே கிடைத்தவற்றிலிருந்து வேறுபட்டவை. அவற்றை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

கொள்கைக்கு ஆதாரம் குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 40ஆம் வசனம். அதில் முகமது நபி நபிமார்களின் முத்திரை என்று அழைக்கப்படுகிறார். முத்திரை என்றால் முடித்துவைப்பது என்று பதின்மூன்று நூற்றாண்டு அறிஞர் மரபு பொருள் கொண்டது. முழுமையடைந்த வீட்டில் மிச்சமிருந்த கடைசிச் செங்கல்லாகத் தன்னை நபி வருணித்த நபிமொழி ஒன்றும் மக்தப் பிள்ளைகள்வரை தெரிந்தது. நபியின் வாழ்நாளிலேயே யமாமாவில் முஸைலிமா என்பவர் தானும் நபி என்றார். நபி மறைந்த பின் முதல் கலீஃபா அபூபக்கர் அவர்மீது போர் தொடுத்தார். பிற்காலத்து எல்லா வாதங்களும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குத் திரும்பித் திரும்பி வரும். ஈஸா நபி (இயேசு) உலக முடிவுக்கு முன் இறங்குவார் என்ற நம்பிக்கையும் கூடவே உண்டு. அவர் முன்பே நபியானவர், புதிய நபியாக வரமாட்டார் என்று ஆலிம்கள் அந்த முடிச்சை அவிழ்ப்பார்கள். சிக்கல் முளைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

பஞ்சாபின் காதியானில் 1835இல் பிறந்த மிர்ஸா குலாம் அஹ்மது, மக்களுக்கு முதலில் அறிமுகமானது இஸ்லாத்தின் வக்கீலாக. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி முனாழராக்களின், அதாவது மத விவாத மேடைகளின், காலம். 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டரோடு ரஹ்மத்துல்லாஹ் கைரானவி வாதிட்டது தொடங்கி, பாதிரிகள், ஆரிய சமாஜிகள், மௌலவிகள் எல்லாரும் கடைத்தெருவில் மேடை போட்டு மோதினார்கள். 1880 முதல் மிர்ஸா எழுதி வெளியிட்ட பராஹீனே அஹ்மதிய்யா அந்தச் சண்டையில் முஸ்லிம் பக்கத்தின் ஆயுதமாகவே வரவேற்கப்பட்டது. 1889இல் லூதியானாவில் பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கத் தொடங்கினார். 1891 வாக்கில் ஈஸா நபி இயற்கையாக இறந்துபோனார், வருவதாகச் சொல்லப்பட்டவர் தானே என்றார்; ஈஸா நபியின் கல்லறை காஷ்மீரில் இருக்கிறது என்று பின்னர் சொன்னார். பிறகு தன்னை ஒரு பொருளில் நபி என்றும் சொன்னார்: புதிய ஷரீஅத் கொண்டு வராத, முகமது நபியின் நிழலாக வந்த நபி. முத்திரை என்பது முடிப்பது அல்ல, அங்கீகரிப்பது என்பது அவர் வழிவந்தோரின் விளக்கம். 1908இல் அவர் இறந்தார். 1914இல் இயக்கம் இரண்டானது. லாகூர்ப் பிரிவு அவரைச் சீர்திருத்தவாதியாக மட்டும் கொண்டது. காதியான் பிரிவு நபி என்ற சொல்லை விடவில்லை. எதிர்ப்பாளர்கள் இரண்டு பிரிவையும் சேர்த்துக் காதியானி என்றே அழைக்கிறார்கள். அப்படி அழைப்பதை இயக்கத்தினர் இழிவாகக் கருதுவதால் இந்தக் கட்டுரையில் அஹ்மதிய்யா என்ற அவர்களுடைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு திருப்பம் உண்டு. இறுதி நபித்துவத்தை மறுத்தார் என்ற குற்றச்சாட்டு மிர்ஸா மீது மட்டும் விழவில்லை. தேவ்பந்த் மதரஸாவின் நிறுவனர்களில் ஒருவரான காசிம் நானோத்வி 1870களில் எழுதிய தஹ்தீருன் நாஸ் என்ற சிறு நூலில், இறுதி என்பது காலத்தால் மட்டுமல்ல, தகுதியாலும் என்று வாதிட்டார். ஒரு பேச்சுக்கு, நபிக்குப் பின்னால் ஒருவர் வந்தாலும் அந்தத் தகுதி குறையாது என்று வாதத்தை நீட்டினார். பரேலியின் அஹ்மது ரிழா கான் 1906இல் மக்கா, மதீனா ஆலிம்களிடம் கையெழுத்து வாங்கி வெளியிட்ட ஹுஸாமுல் ஹரமைனில் மிர்ஸாவோடு சேர்த்துத் தேவ்பந்தின் முன்னோடிகளையும் காஃபிர் பட்டியலில் வைத்தார். தேவ்பந்த் தரப்பு மறுப்பு எழுதியது. அஹ்மதிய்யாக்களோ நானோத்வியின் வரிகளைத் தங்களுக்கு ஆதரவாக இன்றுவரை எடுத்துக் காட்டுகிறார்கள். பின்னாளில் இந்தக் கொள்கைக்குப் பெரும் காவலனாக எழுந்தது அதே தேவ்பந்த்தான். தன்மேல் விழுந்த சந்தேகத்தைத் துடைக்கும் வேகமும் அந்த உழைப்பில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். தேவ்பந்த் அன்பர்கள் இதை ஒப்ப மாட்டார்கள்.

எதிர்ப்பின் ஆழமான வாதம் மதரஸாவிலிருந்து வரவில்லை, தோல் பணத்தின் வழியே வந்தது என்றுகூடச் சொல்லலாம். சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகமது 1920களில் அறிஞர்களை அழைத்துச் சொற்பொழிவுத் தொடர் நடத்தினார். 1925இல் சுலைமான் நத்வி நபியின் வாழ்வைப் பற்றிப் பேசியது குத்பாத்தே மத்ராஸ் என்ற நூலாயிற்று. 1927இல் மர்மடூக் பிக்தால். 1929 ஜனவரியில் முகமது இக்பால். இக்பாலின் உரைகள் வளர்ந்து இஸ்லாமியச் சிந்தனையின் மறுகட்டமைப்பு பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலானபோது, அதில் இறுதி நபித்துவத்துக்கு எதிர்பாராத ஒரு விளக்கம் இருந்தது. நபித்துவம் முடிந்தது என்றால் இனி வானத்திலிருந்து அதிகாரம் பெற்றவன் என்று எவனும் மனிதன்மேல் ஏறி உட்கார முடியாது. மனிதன் தன் அறிவையும் அனுபவத்தையும் இயற்கையையும் வரலாற்றையும் கொண்டுதான் இனி நடக்க வேண்டும். பூசாரித்தனமும் பரம்பரை அரசும் முடிந்துபோன கதை. இந்தக் கொள்கைக்கு இதைவிடக் கம்பீரமான வக்காலத்து எனக்குத் தெரிந்து இல்லை.

அதே இக்பால் 1935இல் அஹ்மதிய்யாக்களைத் தனிச் சமூகமாக அரசு அறிவிக்க வேண்டும் என்று எழுதினார். மாடர்ன் ரிவ்யூவில் நேரு கேள்வி எழுப்ப, 1936இல் நீண்ட பதில் தந்தார். ஒரு சமூகத்தை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு நம்பிக்கைதான், அதில் விரிசல் விட்டால் சமூகம் சிதறும் என்பது அவர் கவலை. மேலே யாரும் இல்லை என்று மனிதனை விடுவித்த அதே கருத்து, வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் கருத்தாகவும் ஆனது. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து ஆறேழு ஆண்டு இடைவெளியில் வந்தவை.

அமைப்பு வடிவம் லாகூரில் பிறந்தது. 1929 டிசம்பரில் தொடங்கிய மஜ்லிஸே அஹ்ரார் காங்கிரஸ் சார்பான, ஆங்கிலேயரை எதிர்த்த கட்சி. மேடையைத் தீப்பிடிக்கவைக்கும் பேச்சாளர் அதாவுல்லாஹ் ஷா புகாரி அதன் முகம். 1934இல் காதியானிலேயே மாநாடு கூட்டினார்கள். அஹ்ரார் பாகிஸ்தான் கோரிக்கையை எதிர்த்த கட்சி என்பதை இங்கே மறக்கக் கூடாது. 1947க்குப் பிறகு புதிய நாட்டில் அவர்களுக்கு அரசியல் முகவரி இல்லை. அரசியலை விட்டுவிட்டோம், நபியின் கண்ணியத்தைக் காக்கிறோம் என்று புதிய முகவரி தேடிக்கொண்டார்கள். இந்த வழியில் உருவானதுதான் முல்தானைத் தலைமையிடமாகக் கொண்ட மஜ்லிஸ் தஹஃப்புஸே கத்மே நுபுவ்வத். பிறகு உலக அமைப்பு என்று பெயரில் ஆலமி சேர்த்துக்கொண்டது. பிரசாரகர்களான முபல்லிக்குகளை ஊர் ஊராக அனுப்புவது, அஹ்மதிய்யா நூல்களுக்கு மறுப்பு எழுதுவது, மாநாடு நடத்துவது, வழக்குகளில் ஆலிம் சாட்சிகளைத் தருவது அதன் வேலை. அரசியல் கட்சி அல்ல என்று அது சொல்லிக்கொள்வது உண்மை. ஆனால் அரசியலை அது அசைத்த அளவுக்குக் கட்சிகள்கூட அசைத்ததில்லை.

1953இல் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சராக இருந்த அஹ்மதிய்யாவான ஸஃபருல்லாஹ் கானைப் பதவி நீக்க வேண்டும், அஹ்மதிய்யாக்களை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவிக்க வேண்டும் என்று பஞ்சாபில் எழுந்த கிளர்ச்சி கலவரமாகி, லாகூரில் ராணுவச் சட்டம் வந்தது. விசாரணை நடத்திய நீதிபதிகள் முனீரும் கயானியும் 1954இல் தந்த அறிக்கையை எடுத்து வாசித்தால் இன்றும் திகைப்பு வரும். முன்னால் வந்த ஆலிம்களிடமெல்லாம் அவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: முஸ்லிம் என்பவர் யார்? எந்த இரண்டு பேரின் பதிலும் ஒத்துப்போகவில்லை. ஒருவருடைய இலக்கணத்தை ஏற்றால் மற்றவர்கள் வெளியே போக வேண்டியிருந்தது.

இருபது ஆண்டு கழித்து அரசே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டது. 1974 மே மாதம் அஹ்மதிய்யாக்களின் தலைமையிடமான ரப்வாவின் ரயில் நிலையத்தில் மாணவர்களுக்கும் அஹ்மதிய்யாக்களுக்கும் நடந்த அடிதடி நாடு தழுவிய கிளர்ச்சியானது. அப்போது மஜ்லிஸுக்குத் தலைவர் யூசுஃப் பனூரி, தேவ்பந்தில் அன்வர் ஷா கஷ்மீரியின் மாணவர். நாடாளுமன்றம் அஹ்மதிய்யாத் தலைவரை மூடிய அவையில் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தது. செப்டம்பர் 7ஆம் தேதி, அஹ்மதிய்யாக்கள் முஸ்லிம் அல்லர் என்று எதிர்ப்பின்றி அரசியல் சட்டத்தைத் திருத்தியது. செய்தது முல்லாக்களின் அரசு அல்ல, பூட்டோவின் அரசு. 1984இல் ஸியாவுல் ஹக்கின் 20ஆம் அவசரச் சட்டம் மேலும் போனது. அஹ்மதிய்யாக்கள் தங்கள் தொழுமிடத்தை மஸ்ஜித் என்று சொன்னாலோ, பாங்கு சொன்னாலோ, தங்களை முஸ்லிம் என்று காட்டிக்கொண்டாலோ மூன்று ஆண்டு வரை சிறை. அவர்களுடைய நான்காம் கலீஃபா லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1979இல் நோபல் பரிசு வாங்கிய அஹ்மதிய்யா இயற்பியலாளர் அப்துஸ் ஸலாமின் கல்லறைக் கல்லில் முஸ்லிம் என்ற சொல் அழிக்கப்பட்டது. 2010 மே 28ஆம் தேதி லாகூரில் இரண்டு அஹ்மதிய்யாத் தொழுமிடங்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது தாக்குதல் நடந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைச் செய்தது மஜ்லிஸ் அல்ல, தாலிபான் வகைத் தீவிரவாதிகள். ஆனாலும் ஒரு கூட்டத்தைப் பற்றி அரை நூற்றாண்டு ஒரே பாட்டைப் பாடியவர்களுக்கு அந்தக் காற்றில் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியாவில் இந்த அமைப்பின் வடிவம் தாமதமாகத்தான் வந்தது. 1986 அக்டோபரில் தேவ்பந்த் தாருல் உலூமில் நடந்த உலக மாநாட்டில் குல் ஹிந்த் மஜ்லிஸ் தஹஃப்புஸே கத்மே நுபுவ்வத் உருவானது. காரி உஸ்மான் மன்சூர்பூரி அதன் நாஸிமாக (செயலாளராக) இருந்தார். ஆலிம்களுக்குப் பயிற்சி வகுப்பு, மறுப்பு நூல்கள், அஹ்மதிய்யாப் பிரசாரம் நடக்கும் கிராமங்களுக்கு ஆள் அனுப்புதல். பாகிஸ்தான் அமைப்பின் கையில் இருந்த சட்டமோ காவல்துறையோ இதன் கையில் இல்லை. எனவே இங்கே அது அடிப்படையில் ஒரு தஃவா (அழைப்புப் பணி) அமைப்பாகவே இயங்க வேண்டியிருக்கிறது. காதியான் இந்தியாவில் இருக்கிறது, அங்கே ஆண்டுதோறும் ஜல்ஸா நடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் அஹ்மதிய்யாவை இஸ்லாத்தின் ஒரு பிரிவாகவே பட்டியலிட்டது.

இனி தெற்கு. மலபாரில், குறிப்பாகக் கண்ணூரிலும் பழயங்காடியிலும், அஹ்மதிய்யா இயக்கம் 1910களிலேயே வேர் பிடித்தது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. அங்கே ஒருவர் அஹ்மதிய்யா ஆனார். கணவன் மதம் மாறிவிட்டான், நிக்காஹ் முறிந்துவிட்டது என்று கருதி மனைவி வேறு திருமணம் செய்துகொண்டார். இருதார மணக் குற்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1922இல் நீதிபதிகள் ஓல்ட்ஃபீல்டும் கிருஷ்ணனும் சொன்னதன் சாரம்: அல்லாஹ் ஒருவன், முகமது அவன் தூதர் என்பதை ஏற்பவர் அஹ்மதிய்யா ஆனதால் முர்தத் (மதம் துறந்தவர்) ஆகிவிட மாட்டார், அது இஸ்லாத்துக்குள் ஒரு பிரிவு. அதே வகையான வழக்கு பஹவல்பூர் சமஸ்தானத்தில் 1926இல் தொடங்கியது. 1932இல் நோயோடு தேவ்பந்த் தரப்பின் அன்வர் ஷா கஷ்மீரி அங்கே போய்ச் சாட்சி சொன்னார். 1935இல் வந்த தீர்ப்பு, கணவன் முஸ்லிம் அல்ல, நிக்காஹ் செல்லாது என்றது. மஜ்லிஸின் நூல்களில் பஹவல்பூர் வழக்கு காவியம்போல் சொல்லப்படும். சென்னைத் தீர்ப்போ தமிழ் ஆலிம்களிடையேகூட அதிகம் பேசப்படுவதில்லை. 1970இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மீண்டும் சென்னையின் வழியில் போனார்.

இரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரியும். பஹவல்பூர் நீதிபதி ஆலிம்களிடம் இஸ்லாத்தின் இலக்கணத்தைக் கேட்டு, அதைச் சட்டமாக்கினார். சென்னை நீதிபதிகள் மிகக் குறைந்த அளவு இலக்கணம் ஒன்றை வைத்துக்கொண்டு, மீதியை நம்பிக்கையாளர்களின் வாதத்துக்கு விட்டார்கள். ஒரு கிறிஸ்தவரும் ஓர் இந்துவும் முஸ்லிம் யார் என்று சொல்வதா என்ற கோபம் நியாயமானதே. ஆனால் அவர்கள் தீர்மானித்தது ஒரு பெண் குற்றவாளியா இல்லையா என்ற வழக்கின் எல்லைக்குள் மட்டும். ஆலிம்களின் ஃபத்வாவை அவர்கள் தடைசெய்யவில்லை.

தமிழில் அஹ்மதிய்யாக்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள், எழுத்தில் அப்படியல்ல. சமாதான வழி என்ற இதழ் அவர்களுடையது. குர்ஆன் மொழிபெயர்ப்பும் வெளியிட்டிருக்கிறார்கள். தமிழில் முதன்முதலாக முழுக் குர்ஆனையும் மொழிபெயர்த்தவர் வேலூர் பாக்கியாத்தில் ஓதிய ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. அவர் தர்ஜுமாவின் முதல் பகுதி 1929இல் வந்தது, இக்பால் சென்னையில் பேசிய அதே ஆண்டு. மொழிபெயர்ப்பு என்பது தமிழ் முஸ்லிமுக்குக் கொள்கைப் பாதுகாப்பின் பெரிய கோட்டை என்பது என் எண்ணம். வசனத்தைத் தானே தமிழில் வாசித்துப் பார்த்தவனிடம் எந்தத் தரப்பும் பாதியைச் சொல்லி மீதியை மறைக்க முடியாது.

1994இல் கோயம்புத்தூரில் அஹ்மதிய்யாக்களும் ஜம்இய்யத்து அஹ்லில் குர்ஆன் வல் ஹதீஸ் என்ற தவ்ஹீத் அமைப்பும் நாள்கணக்கில் மேடையில் உட்கார்ந்து வாதிட்டார்கள். ஈஸா நபி இறந்தாரா, நபித்துவம் தொடருமா என்பவைதான் தலைப்பு. பழைய ஆக்ரா முனாழராவின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். வீடியோ நாடாவாகச் சுற்றி, பிறகு செல்பேசிக்கும் வந்துசேர்ந்தது. இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்கின்றன. அடிதடி இல்லாமல், அரசைக் கூப்பிடாமல், கிதாபை எதிரெதிரே திறந்துவைத்துப் பேசியதற்காகவே அந்த நிகழ்ச்சியை நான் மதிக்கிறேன். அஹ்மதிய்யாக்களோடு சரிக்குச் சரி உட்காரவே கூடாது என்போரும் உண்டு. தமிழ்நாட்டில் சுன்னத் ஜமாஅத்துக்கும் தவ்ஹீத் தரப்புக்கும் இடையில் பள்ளிவாசலுக்குப் பூட்டுப் போடும் அளவுக்குச் சண்டை நடந்த ஊர்கள் இருக்கின்றன. அவர்களும் கத்முன் நுபுவ்வத் என்றால் ஒரே அணி.

தோல் மண்டலத்தில் இந்தக் காவல் எப்படி நடக்கிறது? அதிகச் சத்தம் இல்லாமல்தான். இங்கே தெருவில் கண்ணுக்குத் தெரியும் பிரசார இயக்கம் தப்லீக் ஜமாஅத். மௌலானா இல்யாஸ் 1920களில் மேவாத்தில் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம்களில் பெரும்பகுதி உருது பேசுபவர்கள் என்பதால் வடக்கிலிருந்து வரும் ஜமாஅத்துக்கு இங்கே மொழித் தடை இல்லை. டேனரி முதலாளியும் ஷூ கம்பெனித் தொழிலாளியும் ஒரே தட்டில் சாப்பிட்டு, நாற்பது நாள் சில்லா போவார்கள். கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாக்களை (மார்க்கச் சட்டப் பிரச்சினைகளை) பேசாதே என்பது தப்லீக்கின் அடிப்படை ஒழுங்கு. கலிமாவும் தொழுகையும் சரியானால் மீதி தானாகச் சரியாகும் என்பது அதன் நம்பிக்கை. கத்முன் நுபுவ்வத் அமைப்போ கருத்து வேறுபாட்டையே பேசுவதற்காகப் பிறந்தது. ஒரே தேவ்பந்த் வட்டத்திலிருந்து வந்த இரண்டு பாதைகள், ஒன்று உள்ளே பார்க்கிறது, மற்றது வாசலைப் பார்க்கிறது. இந்த மண்டலம் முதல் பாதையை விரும்பித் தேர்ந்திருக்கிறது. வியாபாரம் தெரிந்த ஊர்களுக்குச் சத்தத்தின் விலை தெரியும்.

ஆனாலும் வாசல் திறந்து கிடப்பதில்லை. காவல் மஹல்லா ஜமாஅத்தின் கையில் இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரில் (பதிவேட்டில்) பெயர் எழுதுவது ஜமாஅத். வெளியூர் சம்பந்தத்துக்கு நற்சான்றுக் கடிதம் தருவது ஜமாஅத். கபரஸ்தானின் (அடக்கத்தலத்தின்) சாவி பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம். ஒருவர் அஹ்மதிய்யா என்று தெரிந்தால் ஃபத்வா அச்சாக வேண்டியதுகூட இல்லை, கடிதம் கிடைக்காது, அவ்வளவுதான். பாகிஸ்தானில் அரசியல் சட்டம் செய்ததைத் தமிழ்நாட்டில் ஒரு தஃப்தரும் ஒரு சாவியும் செய்துவிடும். 2009இல் சென்னையில் அப்படித்தான் ஆயிற்று. சுன்னத் ஜமாஅத் அடக்கத்தலத்தில் அடக்கிய ஓர் அஹ்மதிய்யாப் பெண்ணின் உடல், எதிர்ப்பு எழுந்தபின் தோண்டி எடுக்கப்பட்டு வேறிடத்தில் அடக்கப்பட்டது.

நடுநிலைக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலக்கம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. அஹ்மதிய்யாக்கள் மற்ற முஸ்லிம் இமாம்களின் பின்னால் தொழுவதில்லை. தங்கள் பெண்களை வெளியே மணம் செய்து கொடுப்பதில்லை என்பதும் அவர்கள் ஒழுங்கு. 1948இல் ஜின்னாவின் ஜனாஸாத் தொழுகையில் ஸஃபருல்லாஹ் கான் கலந்துகொள்ளாமல் தள்ளி நின்றதை எதிர்ப்பாளர்கள் மறப்பதே இல்லை. எங்களை முஸ்லிம் இல்லை என்கிறாயே, உன் கணக்கில் நாங்கள் யார் என்ற எதிர்ப்பாளர்களின் கேள்வியில் வலு இருக்கிறது. ஆனால் சேர்ந்து தொழாமல் இருப்பது ஒன்று, புதைத்த உடலைத் தோண்டுவது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அரசின் கையை இழுக்கும் முயற்சி இந்தியாவிலும் நடக்கிறது. ஆந்திர வக்ஃபு வாரியம் 2012இல் அஹ்மதிய்யாக்கள் முஸ்லிம் அல்லர் என்று தீர்மானம் போட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2023இல் வாரியம் அதையே மீண்டும் எடுத்தபோது, ஒரு சமூகத்தின் மத அடையாளத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் வக்ஃபு வாரியத்துக்கு இல்லை என்று மத்திய சிறுபான்மை நல அமைச்சகம் மாநில அரசுக்குக் கடிதம் எழுதியது. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் வாரியத்தின் பக்கம் நின்றது. முஸ்லிம்களின் மற்ற விவகாரங்களில் இந்த அமைச்சகம் காட்டும் அக்கறையை வைத்துப் பார்த்தால், அஹ்மதிய்யா மீது திடீரென்று பிறந்த கரிசனத்தைச் சந்தேகப்படுவோர் இருப்பது இயல்பு. இருந்தும் கடிதத்தின் சட்டக் கருத்து சரியானது. வக்ஃபு வாரியம் சொத்தைப் பராமரிக்க உண்டான அமைப்பு; அகீதாவுக்கு, அதாவது நம்பிக்கைக் கொள்கைக்கு, அது ஆள் அல்ல. தன் உள்விவகாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று கேட்கும் சமூகம், தனக்குள் இருக்கும் சிறுபான்மையை வெளியேற்ற அரசு வாரியத்தின் முத்திரையைக் கேட்டால், நாளைக்கு அந்த முத்திரை யார் மேல் விழும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1906இல் தேவ்பந்த் முன்னோடிகளே பட்டியலில் இருந்தார்கள்.

இலங்கையிலிருந்து ஒரு செய்தி இதோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. பாகிஸ்தானின் சட்டத்துக்கும் வன்முறைக்கும் தப்பி வந்த அஹ்மதிய்யா அகதிகள் நூற்றுக்கணக்கில் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்தார்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் நாளில் தேவாலயங்களில் குண்டு வெடித்தபின், முஸ்லிம்கள் என்பதற்காக அவர்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். பள்ளிவாசலிலும் காவல் நிலையத்திலும் அடைக்கலம் புக வேண்டியதாயிற்று. சொந்த நாட்டில் முஸ்லிம் இல்லை என்று அடி, வந்த நாட்டில் முஸ்லிம் என்று அடி.

கத்முன் நுபுவ்வத் என்ற கொள்கையைப் போதிக்கவும், எதிர்வாதத்துக்கு மறுப்பு எழுதவும், மக்தப் பிள்ளைக்கு 33:40ஐ விளக்கவும் வேலூர் மதரஸாவுக்கு முழு உரிமை உண்டு. இவர்கள் எங்கள் கொள்கையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று ஆலிம்கள் சொல்வதையும் எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நிக்காஹும் அப்படித்தான், அவரவர் விருப்பம். கபரஸ்தான் மட்டும் வேறு வகை. அங்கே வருபவர் வாதிட முடியாதவர். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து போனபோது நபி எழுந்து நின்றார் என்ற செய்தி புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. அதைப் பாக்கியாத்திலும் லத்தீஃபிய்யாவிலும் உமராபாதிலும் ஓதிக்கொடுக்கிறார்கள். அஹ்மதிய்யாக்கள் தொகையாக வாழும் ஊர்களில் அவர்களுக்குச் சொந்த அடக்கத்தலம் இருக்கலாம். ஒன்றிரண்டு குடும்பம் மட்டும் இருக்கும் ஊரில் ஒரு மரணம் நடந்தால், ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்குவதா, ஊராட்சி இடுகாட்டைக் கைகாட்டுவதா, அடக்கியபின் தோண்டுவதா என்பதை முல்தானோ தேவ்பந்தோ தில்லியோ வந்து தீர்மானிக்கப்போவதில்லை. முத்தவல்லியும் ஜமாஅத் கமிட்டியும் தீர்மானிப்பார்கள். அவர்கள் யாரிடம் கேட்பார்களோ அந்த ஆலிம் இந்த மூன்று மதரஸாக்களில் ஒன்றில் ஓதியவராகவே பெரும்பாலும் இருப்பார். அவருக்கான மஸ்அலாவைச் சாவு விழுந்த இரவில் தேடாமல், முன்கூட்டியே எழுதித் தருவது இம்மூன்று மதரஸாக்களாலும் முடியும் காரியம்.